‘பயப்படு’ என்றால் பயம் வராது: சிறுவர் நாடக வகுப்பு, ஓர் எளிய அறிமுகம்

சனிக்கிழமை காலையில் பிள்ளையை நாடக வகுப்பில் கொண்டுவந்து விடும் பெற்றோர் பெரும்பாலும் மூன்று கேள்விகள் கேட்பார்கள். என்ன நாடகம் போடப் போறீங்க? எங்க பையனுக்கு என்ன வேஷம்? டயலாக் நிறைய இருக்குமா? முதல் இரண்டு மாதத்துக்கு நாடகமும் கிடையாது, வேஷமும் கிடையாது, வசனமும் கிடையாது என்று சொன்னால் முகம் லேசாகச் சுருங்கும். ‘அப்போ வெறும் விளையாட்டுதானா?’ என்பது நான்காவது கேள்வி.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் பள்ளிக்கூட நாடகம் என்றால் ஆண்டு விழா நாடகம்தான். பாரதியாருக்கு முண்டாசு, கட்டபொம்மனுக்கு ஒட்டு மீசை. மைக் முன்னால் வந்து நின்று, மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று தேடுவது.

இதற்கு ஒரு பழைய வேரும் உண்டு. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற ‘பாய்ஸ் கம்பெனி’களில் சிறுவர்கள் குழுவோடேயே தங்கி, வாத்தியார் சொல்லச் சொல்லப் பாட்டையும் வசனத்தையும் நெட்டுருப் போட்டார்கள். பின்னாளில் பெயர்பெற்ற நாடகக் கலைஞர்களான டி. கே. எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தது அந்தச் சபையில்தான். அது பிழைப்புக்கான பயிற்சி. டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் முன்னால் ராத்திரி மேடை ஏறியாக வேண்டும். மனப்பாடம் இல்லாமல் எப்படி? ஏழு வயதுப் பிள்ளைக்கு வாரம் ஒருமுறை நடக்கும் வகுப்பின் வேலை வேறு. வேலை வேறு என்றால் வழியும் வேறாகத்தானே இருக்க வேண்டும்.

அந்த வேலை என்ன, அது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்ப்போம்.

சொப்புச் சாமானில் சுடும் டீ

நான்கு வயதுக் குழந்தை ஒரு காலிச் சொப்பை நீட்டி, ‘டீ குடிங்க’ என்கிறது. நீங்கள் வாங்கி, உஃப் என்று ஊதி, ‘ஐயோ, சுடுதே’ என்கிறீர்கள். குழந்தை உடனே, ‘இருங்க, ஆத்தித் தரேன்’ என்று இன்னொரு சொப்பை எடுக்கிறது.

இங்கே யாரும் ஏமாறவில்லை. அதில் டீ இல்லை என்று குழந்தைக்கு நன்றாகத் தெரியும். இருவரும் சேர்ந்து, இல்லாத ஒன்றை இருப்பதாக வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறீர்கள். இந்தச் சம்மதத்துக்குப் பெயர் பாவனை. மேடையில் நடக்கும் எல்லாமே இதிலிருந்துதான் கிளம்புகிறது.

அந்தச் சின்ன விளையாட்டுக்குள் மூன்று காரியங்கள் நடந்தன. முதலில் நீங்கள் ஒத்துக்கொண்டீர்கள். அப்புறம், சொப்பு எங்கே இருக்கிறது, எப்படி நீட்டப்படுகிறது என்று கவனித்தீர்கள். அதற்கு ஏற்றபடி பதில் செய்தீர்கள். நீங்கள் ஊதியதால்தான் குழந்தை ஆற்றியது. ‘இதுல ஒண்ணுமே இல்லையே’ என்று சொல்லியிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும்.

சின்னக் குழந்தைகளுக்கு இது மூச்சு விடுவது போல வருகிறது. நான் பார்த்தவரை, மூன்றாம் வகுப்பு வாக்கில் ஒரு கூச்சம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. எதைச் செய்வதற்கு முன்னாலும் பிள்ளை பக்கத்தில் இருப்பவனை ஒருமுறை திரும்பிப் பார்க்கும். நாடக வகுப்பின் பெரும்பகுதி வேலை அந்தக் கூச்சத்தோடுதான்.

இதுவரை: நடிப்பின் அடிப்படை பாவனை. அதற்குள் ஒத்துக்கொள்வது, கவனிப்பது, பதில் செய்வது என்ற மூன்றும் இருக்கின்றன. வகுப்பில் பழக்குவது இந்த மூன்றையும்தான். வசனம் பிறகு வரும்.

முதலில் வட்டம்

வந்ததும் செருப்பு வாசலில், பை சுவரோரம். அப்புறம் வட்டம். ஒவ்வொரு வகுப்பும் வட்டத்தில் தொடங்கி வட்டத்தில்தான் முடியும். வட்டத்துக்கு முதல் பெஞ்சும் கிடையாது, கடைசி பெஞ்சும் கிடையாது. எல்லார் முகமும் எல்லாருக்கும் தெரியும். ‘குலை குலையா முந்திரிக்கா’ ஆடிய யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

பள்ளி வகுப்பறையிலேயே நடத்துவதானால் பெஞ்சுகளை ஓரம் கட்டியாக வேண்டும். நாற்பது நிமிட பீரியடில் ஐந்து நிமிடம் இதிலேயே போய்விடும், கூடவே தலைமையாசிரியர் அறை வரைக்கும் கேட்கும் கிறீச்சொலி. இதையே முதல் விளையாட்டாக்கிவிடலாம்: பெஞ்சுக்கு அடியில் ஒரு புலி தூங்குகிறது, அது விழிக்காமல் பெஞ்சை நகர்த்த வேண்டும். நான்கு பேர் ஒரு பெஞ்சைத் தூக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி அடிமேல் அடி வைப்பதைப் பார்க்க வேண்டுமே. பாவனை, கவனம், பதில் மூன்றும் அங்கேயே ஆரம்பித்துவிட்டன.

வருகைப் பதிவும் வட்டத்தில்தான். ஒவ்வொருவரும் தன் பெயரை ஒரு சைகையோடு சொல்ல, மொத்த வட்டமும் அதை அப்படியே திருப்பிச் செய்யும். தனியாக எல்லார் முன்னாலும் ஏதோ ஒன்றைச் செய்தாயிற்று, அதுவும் இரண்டு நொடிதான், உடனே முப்பது பேர் அதே கோணங்கித்தனத்தைச் செய்துவிட்டார்கள். பிறகு வெட்கப்பட என்ன இருக்கிறது?

அடுத்தது நிறுத்தும் சைகை. இதைப் பழக்காமல் வேறெதையும் தொடங்கக் கூடாது. அதிர்ஷ்டவசமாக நம் பிள்ளைகளுக்கு ‘ஸ்டாச்சூ’ விளையாட்டு ஏற்கெனவே தெரியும். ‘ஸ்டாச்சூ’ என்றால் இருந்த இடத்தில் இருந்தபடி சிலை. ‘ரிலீஸ்’ என்றால் விடுதலை. நாடகக்காரர்கள் இதையே உறைநிலை என்பார்கள்: அசைவை மட்டும் நிறுத்திவிட்டு, பாத்திரத்தையும் கவனத்தையும் விடாமல் வைத்திருப்பது.

வாயால் கத்தி நிறுத்துவது பலிக்காது. பிள்ளைகள் விளையாட்டுக்குள் தங்கள் குரலைத்தானே பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள், உங்கள் குரலும் அதில் ஒன்றாகக் கரைந்துவிடும். கைதட்டில் ஒரு தாளக்கட்டு, அல்லது ஒரு கஞ்சிரா போதும். ஆசிரியர் ‘தக திமி தா’ என்று தட்ட, வகுப்பு அதைத் திருப்பித் தட்டிவிட்டு உறைய வேண்டும். ஒரு சின்னத் தந்திரம்: தேவையே இல்லாதபோதும் இதை நாலைந்து முறை ஆட வேண்டும். ரகளை நடக்கும்போது மட்டும் பயன்படுத்தினால் அது அதட்டலின் இன்னொரு வடிவமாகிவிடும்.

சுதந்திரமாக ஆட வேண்டிய வகுப்பில் எதற்கு இத்தனை ஒழுங்கு என்று சிலர் கேட்பதுண்டு. கபடிக் களத்தைப் பாருங்கள். நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட்டால் தப்பித்தோம் என்பதால்தான் பாடிப் போகிறவன் எதிராளி எல்லைக்குள் அவ்வளவு துணிச்சலாக நுழைகிறான். கோட்டை அழித்துவிட்டால் யாரும் நகர மாட்டார்கள், அல்லது அடிதடி ஆகும். நாடக வகுப்பிலும் ஆசிரியர் நிறுத்தினால் எல்லாம் நிற்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பிள்ளை தன்னை மறந்து ஆடும்.

பரிசல் கவிழாமல்

உடம்பைத் தயார் செய்வதை வார்ம்-அப் என்றே எல்லாரும் சொல்கிறார்கள். கை கால் உதறுவது, ஓடுவது எல்லாம் இருக்கும். எனக்குப் பிடித்த ஒன்று: இந்த அறை ஒகேனக்கல் பரிசல். எல்லாரும் ஒரே பக்கம் போனால் கவிழும். பிள்ளைகள் அறை முழுக்க நடந்துகொண்டே இருக்க வேண்டும், ஆனால் எங்கே இடம் காலியாகிறதோ அங்கே போய் நிரப்ப வேண்டும். ‘இடிச்சுக்காதீங்க’ என்று ஒருமுறைகூடச் சொல்ல வேண்டியிருக்காது. மேடையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் மறைத்துக்கொண்டு நிற்கும் பழக்கத்துக்கும் இதுவே மருந்து.

குரல் பயிற்சியில் ஒன்றே ஒன்று. சத்தமாகப் பேசுவதும் எட்டுமாறு பேசுவதும் வேறு வேறு. பந்தை யாருக்கு எறிகிறோமோ அவரைப் பார்த்துத்தானே எறிவோம். அதுபோல எதிர்ச் சுவரோரம் நிற்கும் நண்பனுக்குத் தன் பெயரை ‘எறியச்’ சொன்னால், குரல் கத்தலாகாமல் போய்ச் சேரும்.

கண்ணாடிக்குள் இருக்கும் சூட்சுமம்

இனிதான் முக்கியமான இடம். இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருத்தி அசைய, மற்றவள் கண்ணாடி. முதல் நிமிடத்தில் எப்போதும் ஒரே கதைதான்: அசைகிறவள் கண்ணாடியைத் தோற்கடிக்கப் பார்ப்பாள். குதிப்பாள், சட்டென்று திரும்புவாள். இருவரும் சிரித்து, ஆட்டம் கலையும்.

அப்போது ஒரு விதியைச் சேர்க்கிறோம். ‘உங்க ரெண்டு பேர்ல யாரு அசையிறது, யாரு கண்ணாடின்னு எனக்குத் தெரியக் கூடாது.’

அவ்வளவுதான். சட்டென்று இருவரும் ஒரே கட்சி ஆகிவிடுகிறார்கள். வேகம் தானாகக் குறைகிறது. கண்கள் ஒருவர்மேல் ஒருவர் நிலைக்கின்றன. அறை அமைதியாகிறது. யாரும் அவர்களிடம் ‘கவனி’ என்றோ ‘சிரிக்காதே’ என்றோ சொல்லவில்லை. விளையாட்டே அந்தக் கவனத்தைக் கேட்டு வாங்கிவிட்டது.

விளையாட்டு நடக்கும் நேரம் முழுக்க ஆடுபவர் கைவிடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய ஒரு சின்ன வேலைக்குக் கவனப்புள்ளி என்று பெயர். தளும்பத் தளும்பத் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடப்பவர், ‘என் நடையை யார் பார்க்கிறார்கள்’ என்று யோசிப்பதில்லை. குடம்தான் அவருடைய கவனப்புள்ளி. கூச்சத்துக்கு உட்கார மனதில் ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை வேறொரு வேலைக்குக் கொடுத்துவிட்டால் அது வெளியே நிற்க வேண்டியதுதான். ‘ஸ்டேஜ் ஃபியர் போயிடும்’ என்று விளம்பரங்களில் சொல்கிறார்களே, அது போகிற வழி இதுதான். ‘பயப்படாதே, தைரியமா நில்லு’ என்று சொல்லி யாருக்கும் போனதில்லை.

இந்த முறையை ஒழுங்குபடுத்தித் தந்தவர்களில் முதன்மையானவர் வயோலா ஸ்போலின் (1906–1994). சிகாகோவின் ஹல் ஹவுஸ் சமூக நிலையத்தில் நெவா பாய்ட் என்பவரிடம் குழு விளையாட்டுகளைப் பயின்றவர். பிறகு, பல தேசங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளோடு வேலை செய்தார். நடிப்பைப் பற்றி விளக்கிக்கொண்டிருப்பதைவிட, அதை ஒரு விளையாட்டுக்குள் வைத்துக் கொடுத்துவிடுவது மேல் என்று கண்டுகொண்டவர் அவர். தமிழில் இவற்றை அரங்க விளையாட்டுகள் என்கிறோம்.

இதுவரை: வட்டமும் நிறுத்தும் சைகையும் பாதுகாப்பைத் தருகின்றன. விளையாட்டு ஒரு கவனப்புள்ளியைத் தருகிறது. இரண்டும் சேர்ந்தால் கூச்சம் விலகும்.

பயப்படச் சொல்லாதே, தாழ்ப்பாளைப் போடச் சொல்

வகுப்பெடுக்கத் தொடங்கிய புதிதில் நான் செய்த தவறு இது. இருபத்தைந்து பிள்ளைகளிடம் ‘எல்லாரும் பயப்படுங்க’ என்றேன். இருபத்தைந்து பேரும் இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்து வாயைப் பிளந்தார்கள். அத்தனையும் டிவி சீரியல் முகம். ஒருவர் கண்ணிலும் பயம் இல்லை.

அடுத்த வாரம் வேறு மாதிரி சொன்னேன். ‘இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நாய் நிக்குது. கட்டிப் போடலை. தாழ்ப்பாள் சரியா விழலை. சத்தம் வராம தாழ்ப்பாளைப் போடணும்.’ ஒருவர் கையும் கன்னத்துக்குப் போகவில்லை. ஒரு சிறுமி இல்லாத தாழ்ப்பாளை அரை அங்குலம் அரை அங்குலமாக நகர்த்தினாள். பாதியில் அவள் மூச்சு நின்றதைப் பார்த்து எனக்கே ஒரு நொடி நெஞ்சு திக்கென்றது.

உணர்ச்சியை நேராகக் கேட்டால் வராது. காரணத்தையும் செய்ய ஒரு வேலையையும் கொடுத்தால் அது பின்னாலேயே வந்துவிடும். இலக்கணத்தில் சொன்னால், ‘சோகமாக’, ‘கோபமாக’ என்ற வினையடையைக் கொடுக்காமல் ‘தேடு’, ‘ஒளித்து வை’, ‘கெஞ்சு’ என்று வினையைக் கொடுக்க வேண்டும்.

இதை ரஷ்ய நாடக மேதைகளிடமிருந்து கற்றதாகவே நாடகப் பட்டறைகளில் சொல்லிக்கொள்கிறோம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் புரட்டினால் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு. மெய் என்றால் உடம்பு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டைச் சொன்னவர் அதோடு விடவில்லை. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்காகச் சொல்கிறார். அச்சத்துக்கு: ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே’. பேய் போன்ற அணங்கு, விலங்கு, திருடர், தமக்கு மேலே இருக்கும் பெரியவர்.

அப்படியே ஒரு விளையாட்டுத் திட்டம் இது. வகுப்பை நான்காகப் பிரித்து, கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பதை மட்டும் மாற்றிக் கொடுங்கள். நாய் என்றால் உடம்பு பின்வாங்கும். திருடன் என்றால் குனிந்து ஒளியும், காது மட்டும் விழித்திருக்கும். பேய் என்றால் பக்கத்தில் இருப்பவன் சட்டையைப் பிடிக்கும். தலைமையாசிரியர் என்றால் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு தரையைப் பார்த்து நிற்கும். நாலும் பயம்தான், ஆனால் ஒன்றைப் போல ஒன்று இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது சொல்லாமலே புரிகிறது.

யார், எங்கே, என்ன

முதல் காட்சிக்குக் கதை தேவையில்லை. யார், எங்கே இருக்கிறார்கள், என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்ற மூன்றும் தெரிந்தால் போதும். ரேஷன் கடை, ஒரு பாட்டி, ஒரு கடைக்காரர், அரிசி வாங்க வேண்டும். எழுதி வைத்த வசனம் இல்லாமல் அந்த நேரத்தில் தோன்றுவதை வைத்து ஆடும் இதை இம்ப்ரொவைசேஷன் என்பார்கள். வாய்க்கு வந்ததைப் பேசுவது என்று பலர் இதைத் தவறாக நினைக்கிறார்கள். காதுக்கு வந்ததற்குப் பதில் சொல்வது என்றால் சரியாக இருக்கும்.

பாட்டியாக ஆடும் பிள்ளை சொல்கிறது: ‘தம்பி, போன மாசம் போட்ட அரிசி ராத்திரியில பாடுதுப்பா.’ ஒருவர் சொல்லும் அல்லது செய்யும், மற்றவர் எடுத்துக்கொண்டு வளர்க்கக்கூடிய இப்படிப்பட்ட ஒன்றுக்கு முன்வைப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். கடைக்காரர், ‘அரிசி எங்கயாச்சும் பாடுமா?’ என்றால் காட்சி அதோடு படுத்துவிடும். ‘தாலாட்டா பாட்டி? அது சன்ன ரகம். கும்மிப்பாட்டு பாடுற மூட்டையும் ஒண்ணு இருக்கு, மாத்தித் தரட்டா?’ என்றால் அடுத்த ஐந்து நிமிடத்துக்குப் பஞ்சமில்லை. காலிச் சொப்பை வாங்கி ஊதிப் பார்த்தீர்களே, அதே வேலைதான்.

காட்சி நடக்கும்போது ஆசிரியர் என்ன செய்வது? கிணற்று மேட்டில் உட்கார்ந்து நீச்சல் பழக்கும் தாத்தாவைப் போல, ஆட்டத்தை நிறுத்தாமல் ஓரத்திலிருந்து ஒரு வார்த்தை போடலாம். ‘வெயில் ஏறுது’, ‘மூட்டை எவ்வளவு கனம்?’ இது பக்கக் குரல். ‘அப்படி இல்ல, இப்படிச் செய்’ என்று செய்து காட்டினால் மட்டும் வம்பு. இருபது பிள்ளைகளும் உங்களையே நடிக்க ஆரம்பித்துவிடும்.

சில சமயம் ஆசிரியரே உள்ளே இறங்கலாம். தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, ‘ஐயா, எங்க ஊரு ஏரியைக் காணோம். நீங்கதான் கண்டுபிடிச்சுக் கொடுக்கிறவங்களாமே’ என்று கைகட்டி நின்றால், பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். இந்த உத்தியைப் பெரிதாக வளர்த்தவர் இங்கிலாந்தின் டொரதி ஹீத்கோட் (1926–2011). பதினான்கு வயதில் கம்பளி ஆலை வேலைக்குப் போனவர், பின்னாளில் உலகமெங்கும் ஆசிரியர்களுக்கு நாடகம் கற்பித்தார். துண்டு தோளில் இருக்கும்வரை ஊர்க்காரர், எடுத்துவிட்டால் ஆசிரியர். இந்த அடையாளம் பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

பார்க்கிறவர்களும் ஒதுங்கி நிற்கிறவர்களும்

நாற்பது பேர் உள்ள வகுப்பில் பாதிப் பேர் ஆட, பாதிப் பேர் பார்க்க வேண்டியதுதான். பார்ப்பதும் பாடத்தில் சேர்த்தி. முடிந்ததும் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘சூப்பர்’ என்ற ஒரே பதில் வரும். ‘என்ன பார்த்தே?’ என்று கேட்டால், ‘மூட்டையைத் தூக்குறப்போ அவன் முதுகு வளைஞ்சுது’ என்று சொல்வார்கள். பாராட்டைவிட அந்த வாக்கியம்தான் ஆடிய பிள்ளைக்குப் பயன்படும்.

ஆட மாட்டேன் என்று சொல்லும் பிள்ளையை இழுத்து நடுவில் விடக் கூடாது. வட்டத்தில் யாரும் ‘பாஸ்’ சொல்லலாம், காரணம் கேட்க மாட்டோம். ஆனால் வகுப்புக்குள் அவனுக்கு ஏதோ ஒரு வேலை இருக்க வேண்டும். என் வகுப்பில் ஒரு பையன் ஏறக்குறைய இரண்டு மாதம் சுவரில் சாய்ந்தே நின்றான். கஞ்சிராவை அவன் கையில் கொடுத்தேன். அவன் தட்டினால் முப்பது பேர் உறைவார்கள். அந்த அதிகாரம் அவனுக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒருநாள் யாருக்கும் தெரியாமல், தட்டிவிட்டுத் தானும் உறைந்து நின்றான், ஒரு காலைத் தூக்கியபடி.

சண்டைக் காட்சிக்கு ஒரே விதி: மெதுவாக, தொடாமல். பிள்ளைகள் எந்தக் கதையைக் கொடுத்தாலும் அதில் ஒரு சண்டையைக் கொண்டுவந்துவிடுவார்கள், அதற்குத் தயாராக இருப்பது நல்லது.

கழற்றி வைப்பது

மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே மறுபடி வட்டம். ஏற்ற பாத்திரத்திலிருந்து வெளியே வருவதைப் பாத்திரம் களைதல் என்கிறோம். கை கால்களை உதறி, பாத்திரத்தைச் சட்டை போலக் கழற்றி வட்டத்தின் நடுவில் போட்டுவிட்டு, ஒவ்வொருவரும் தன் சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு இது சடங்கு போலத் தோன்றும். ஒருமுறை நேரமில்லை என்று இதை விட்டுவிட்டேன். திருடனாக ஆடிய பையனை அந்த வாரம் முழுக்கப் பள்ளி வேனில் ‘டேய் திருடா’ என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம் வேறு எதை விட்டாலும் இதை விடுவதில்லை.

பிறகு பெஞ்சுகள் பழைய இடத்துக்குப் போகும், புலி இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

வாசலில் காத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போனதும் மாமா முன்னால் நிறுத்தி ‘எங்கே, நடிச்சுக் காட்டு’ என்று கேட்காதீர்கள். இத்தனை வாரம் வெளியே நிறுத்தி வைத்த கூச்சத்தை அந்த ஒரு வார்த்தை கூட்டிக்கொண்டு வந்துவிடும். ‘இன்னைக்குக் கண்ணாடியில உன் ஜோடி யாரு?’ என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதிலோடு நிற்காமல் உங்களையும் எதிரே நிற்க வைத்துவிடுவார்கள். அப்போது கொஞ்சம் மெதுவாகவே அசையுங்கள்.